பதினோராவது விதி

இமயமலையில் கால் வைத்தே தீருவது என்று அன்பழகன் முடிவெடுத்த நேரத்தில் அவர் மடியில் ஒரு முறம் சின்ன வெங்காயம் இருந்தது. உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. அது வெங்காயத்தால் வந்ததா, லட்சியத்தால் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'அன்பு ஜெராக்ஸ்' என்றால் யாரும் வழிகாட்டுவார்கள். துபாய் போகிறவன் பாஸ்போர்ட், சிங்கப்பூர் போகிறவன் விசா, கனடாவில் படிக்கப் போகிற பெண்ணின் சர்டிபிகேட் என்று இருபத்திரண்டு வருடமாக எல்லாமே அவருடைய மெஷின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழுந்துதான் விமானம் ஏறியிருக்கின்றன. ஊரே அவர் கடை வழியாக வெளிநாடு போயிற்று. அவர் மட்டும் திருச்சியைத் தாண்டினால் திருப்பதி, திருப்பதியைத் தாண்டினால் வீடு. இது அவருக்குப் பெரிய மனக்குறை. மற்றபடி தொழிலில் எந்தக் குறையும் கிடையாது. கடை போர்டின் அடியில் கொட்டை எழுத்தில் 'லேமினேஷன் செய்து தரப்படும். கிழியாது! நனையாது! அழியாது!' என்று எழுதி வைத்திருந்தார். மூன்று ஆச்சரியக்குறியும் அவர் சொந்தமாகப் போட்டவை.

யோசனையைக் கிளப்பிவிட்டது மச்சான் இளையபெருமாள். மனைவி புவனேஸ்வரியின் தம்பி. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. கல்யாணம் ஆகாதவன் என்பதால் அவனுக்கு லீவும் இருந்தது, ஆசையும் இருந்தது. "மாமா, முதுகுல ஒரே ஒரு பை. ஏழு கிலோ. அதுக்கு மேல ஒரு ஊக்குகூட கிடையாது. கோரக்பூர் வரைக்கும் ரயிலு. அங்கேருந்து பஸ்ல பார்டரத் தாண்டுனா நேபாளம். அப்புறம் நடைதான். மலைக்கு மலை சின்னச் சின்ன லாட்ஜு. அவங்க வூட்ல சோறு தின்னா ரூமு சும்மா மாதிரிதான்" என்று அவன் வீடியோ வீடியோவாகக் காட்டினான். அன்பழகன் விழுந்துவிட்டார்.

மச்சானோடு மட்டும்தான் போக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மனைவி மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அவள் கட்டும் மூட்டைகள் மேல்தான் பயம். போன தடவை ராமேஸ்வரம் போனபோது எண்ணிப் பார்த்தார், பதினொரு மூட்டை. ஒன்றில் குக்கர். ஒன்றில் தலையணை. ஒன்றில் முறம். 'முறம் எதுக்குடி?' என்று கேட்டதற்கு, 'இருக்கட்டுமே' என்றாள். முறத்தோடு இமயமலை ஏறிய மனிதன் உலகத்தில் இதுவரை கிடையாது. முதல் ஆளாக இருக்க அன்பழகன் விரும்பவில்லை.

ஆகவே திட்டம் தீட்டினார். ஊர் சுற்றப் போகிறேன் என்றால் விடமாட்டாள். சாமி காரியம் என்றால் தடுக்கமாட்டாள். அந்த மலையில் முக்திநாத் என்று ஒரு பெருமாள் கோயில் இருப்பதாக வீடியோவிலேயே காட்டியிருந்தார்கள். பெருமாள் கைகொடுப்பார் என்று நம்பிப் பேச்சை ஆரம்பித்தார்.

"புவனா, ஒரு விசயம். சொல்லாம வச்சிருந்து வச்சிருந்து நெஞ்சு அடைக்குது."

"வாயுவா இருக்கும். பெருங்காயம் போட்டு மோர் தரவா?"

"வாயு இல்ல. வேண்டுதல்."

"யாருக்கு?"

"உனக்குத்தான். போன வருசம் டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரில கெடந்தியே, அப்ப நேந்துகிட்டேன். நீ பொழைச்சு வந்தா முக்திநாத் பெருமாள நடந்தே வந்து பாக்குறேன்னு."

புவனேஸ்வரி அரிவாள்மணையில் கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். "எந்த ஊர்ல இருக்காரு அவரு?"

"நேபாளத்துல."

"ஏங்க, செட்டிகுளத்துல முருகன் இருக்காரு. சிறுவாச்சூர்ல காளியாத்தா இருக்கா. ரெண்டு பேருமே டவுன் பஸ் தூரம். ஒங்களுக்கு நேபாளந்தான் கெடைச்சுதா?"

"அவசரத்துல வாயில அதான் வந்துச்சு."

"அவசரத்துல ஆம்புலன்ஸ் நம்பரே ஒங்க வாயில வரலையே. பக்கத்து பெட்டுக்காரம்மால்ல எனக்கு ஓடியாடி எல்லாம் பாத்துச்சு? நீங்க ஆறு நாளும் செல்லுல வீடியோல்ல பாத்துகிட்டிருந்தீங்க?"

"அதுலதான் முக்திநாத்தப் பாத்தேன்" என்ற அன்பழகன் இடது காதை லேசாகத் தேய்த்துக்கொண்டார். பதில் சரியாக விழுந்ததில் அவருக்கே தன் மேல் மரியாதை வந்தது.

புவனேஸ்வரி அந்தக் காதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபடியும் கத்திரிக்காயை நறுக்க ஆரம்பித்தாள். "அப்ப சரி. நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"யாரு தலைக்கு நேந்தீங்களோ அந்தத் தலை போயி முழுகுனாத்தான வேண்டுதல் கழியும்? எங்கம்மா எனக்கு மொட்டை நேந்துகிட்டு, அவங்களா மொட்டை அடிச்சுகிட்டாங்க?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் கவர்மெண்ட் விண்ணப்பங்களோடு குப்பை கொட்டிய மூளை சும்மா இருக்குமா? ஒருவரை ஒரு காரியத்திலிருந்து ஓட ஓட விரட்ட வேண்டுமானால் மறுக்கக் கூடாது, விதிமுறையைக் காட்ட வேண்டும்.

"தாராளமா வா. ஆனா கடுமையான விரதம் இருக்கு. விதிமுறை அச்சடிச்சே குடுத்திருக்காங்க. கடைல இருக்கு. நாளைக்குக் கொண்டாரேன்."

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து அன்பழகனே அதை டைப் அடித்தார். கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த பெருமாள் படத்தை மேலே வைத்தார். சுற்றிலும் சாமந்திப்பூ பார்டர். 'முக்திநாத் மலை ஏறுவோர் கடைப்பிடிக்க வேண்டிய விரத விதிகள்' என்று தலைப்பு. நாற்பத்தெட்டு நாள் விரதம். கறி, மீன், முட்டை கூடாது. டீ, காபி கூடாது. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். பாயில்தான் படுக்க வேண்டும். மலையில் அவரவர் பையை அவரவரே சுமக்க வேண்டும். எட்டாவது விதிக்கு வந்தபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'விரத காலத்தில் தொலைக்காட்சித் தொடர் பார்க்கக் கூடாது' என்று அடித்தார். புவனேஸ்வரி இரண்டு நாள்கூடத் தாங்கமாட்டாள். கடைசியாகப் பதினோராவது விதி: 'விரதம் தவறியவர் மலையில் கால் வைக்கக் கூடாது. மீறினால் உடன் வருபவருக்கும் ஆகாது.'

படித்துப் பார்த்தார். அவருக்கே பக்தி வந்தது. அந்த வேகத்தில் வழவழவென்று லேமினேஷனும் போட்டுவிட்டார்.

புவனேஸ்வரி அதை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பூஜை அலமாரியில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள்.

"நாளைக்கே நல்ல நாளுங்க. ஆரம்பிச்சிடுங்க."

"நானா?"

"நேந்துகிட்டது நீங்கதான? ஒங்களுக்குத் துணையா நானும் இருக்கேன்."

விரதம் யாரை விரட்ட வந்ததோ அவளை விட்டுவிட்டு எழுதியவரைப் பிடித்துக்கொண்டது. ஆவணி பாதியில் ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் டீ இல்லாத தலைவலியில் ஒருவருடைய நிலப் பட்டாவைத் தலைகீழாக எட்டு காப்பி எடுத்தார். பாய்க்கும் அவருடைய முதுகெலும்புக்கும் ராசியே இல்லை. எதிரே புவனேஸ்வரியோ விடிவதற்கு முன் குளித்து, கஞ்சி குடித்து, சீரியல் ஓடும் நேரத்தில் பாசுரம் கேட்டு, நாளுக்கு நாள் மினுமினுவென்று ஆகிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு இருசம்மாள் ஒருநாள் அவளைப் பிடித்து, "என்னா புவனா, பத்து வயசு கொறஞ்சாப்ல இருக்க?" என்றாள். பிறகு அன்பழகனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அண்ணனுக்கு என்ன, சீக்கா?" என்று கேட்டாள்.

இருசம்மாளோடு இன்னொரு வம்பும் சேர்ந்தது. இவ்வளவு தூரத்துப் பெருமாளைப் பார்க்கப் போகிறார்கள் என்றதும், மகளுக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்று மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பார்த்துத் தெருவே ஆளுக்கொன்று முடிந்து கொடுத்தது. பூஜை அலமாரியில் முப்பத்தேழு மஞ்சள் முடிச்சு சேர்ந்துவிட்டது. அன்பழகன் அதை மதிக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஏழு கிலோவில் முப்பத்தேழு முடிச்சு எவ்வளவு பிடிக்கும் என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. புதிதாக வாங்கிய முதுகுப்பையில் மூன்று பண்டல் ஏ-ஃபோர் பேப்பரை வைத்தால் கிட்டத்தட்ட ஏழு கிலோ. அதைச் சுமந்துகொண்டு ஒரு வாரம் ரஞ்சன்குடிக் கோட்டை, ஒரு வாரம் செட்டிகுளம் மலை. புதுப் பூட்ஸ், கையில் மடக்கும் குச்சி, தலையில் தொப்பி. பார்த்தவர்கள் அவரைத் தொல்லியல் துறை என்று நினைத்துக் கும்பிட்டார்கள். புவனேஸ்வரியும் கூட வந்தாள். அவள் பிறந்த ஊரே செட்டிகுளம். தாவணி போட்ட காலத்திலிருந்து தலையில் வெங்காய மூட்டையோடு வரப்பில் நடந்தவள். வெறுங்காலோடு படியேறி, கும்பிட்டு, விபூதி வாங்கிக்கொண்டு அவள் இறங்கி வந்தபோது அன்பழகன் பாதி வழியில் ஒரு படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என்ன ஆச்சு?"

"உயரம் போகப் போக ஆக்சிஜன் கொறையும் புவனா. அனுபவப்பட்டவங்க நின்னு நின்னுதான் ஏறுவாங்க."

"இது செட்டிகுளம்ங்க" என்று சொல்லி அவள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

அவள் விரதத்தில் தோற்கப் போவதில்லை என்பது முப்பதாம் நாள் அன்பழகனுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "புவனா, டிக்கெட் கிடைக்கல. எனக்கும் ஒன் தம்பிக்கும் மட்டுந்தான் ஆச்சு. மத்ததெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட்ல அனுமார் வால் மாதிரி போகுது."

"பரவால்லீங்க. பெருமாள் நெனைச்சா கூப்புடுவாரு."

சண்டை இல்லை, அழுகை இல்லை, பாத்திரம் உருளும் சத்தம்கூட இல்லை. இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் இந்த மாதிரி அமைதியைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்று அவர் கற்றிருக்க வேண்டும். அவருக்கு நம்பிக்கை ஜாஸ்தி. பயப்படவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கடையில் கல்லூரிப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டிருந்த நேரத்தில் புவனேஸ்வரி வந்தாள். "ஏங்க, இந்த ரேசன் கார்டும் ரெண்டு பேரு ஆதாரும் ஒரு காப்பி போடுங்க. தம்பி கேட்டான். ரயிலுக்கு என்னமோ வேணுமாம். அப்படியே இதுல எல்லாம் கையெழுத்தும் போட்டுடுங்க."

அன்பழகன் காப்பி எடுத்தார். நீட்டிய தாள் எல்லாவற்றிலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். "யாருப்பா அடுத்தது?" என்றார்.

நாற்பத்தோராம் நாள் காலையில் இளையபெருமாள் போன் செய்தான்.

"மாமா, ஒடம்பு எப்படி இருக்கு?"

"ஒடம்பா? நெழலு மட்டுந்தான்டா மாப்ள மிச்சம்."

"அதான் மாமா யோசிச்சேன். மலையில ஏற சத்து வேணும்ல? இப்படியே போனா ஒங்களத் தூக்கிட்டுத்தான் எறங்கணும். அரியலூர் வாங்க. புதுசா ஒரு பிரியாணிக் கடை. நல்லி எலும்பு மட்டும் முழங்கை நீளம்."

"டேய், புரட்டாசி சனிக்கெழம!"

"ஆட்டுக்கு எங்க மாமா கெழம தெரியுது?"

ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அன்பழகன் பஸ் ஏறினார். இலையில் பிரியாணி வந்து விழுந்தபோது அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. இந்தத் தடவை வெங்காயம் காரணமில்லை. மூன்றாவது தடவை சோறு வாங்கியபோதுதான் கவனித்தார். மச்சான் ஒரு கிண்ணம் தயிர்சாதத்தைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

"நீ என்னடா?"

"வயிறு சரியில்ல மாமா. நீங்க சாப்புடுங்க. ஒரு செல்பி எடுத்துக்குவோமா? எலும்பைக் கொஞ்சம் மேல தூக்கிப் புடிங்க."

தூக்கிப் பிடித்தார். சிரித்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது புவனேஸ்வரி பூஜை அலமாரிக்கு எதிரில் செல்லோடு உட்கார்ந்திருந்தாள். திரையில் இளையபெருமாளின் ஸ்டேட்டஸ். முழங்கை நீள நல்லி எலும்பு. அதற்குப் பின்னால் அன்பழகனின் பல். கீழே 'மாமாவுடன் மகிழ்ச்சியான தருணம்' என்று எழுத்து. சீரியலைத் தடை செய்தவர் ஸ்டேட்டஸைத் தடை செய்ய மறந்திருந்தார்.

அவள் கத்தவில்லை. அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "பதினொண்ணு. விரதம் தவறியவர் மலையில் கால் வைக்கக் கூடாது."

"அதெல்லாம் சும்மா புவனா. அது நானே உக்காந்து..." என்று ஆரம்பித்த அன்பழகன் வாயை மூடிக்கொண்டார். நானே எழுதியது என்றால் விதி பொய். விதி பொய் என்றால் விரதம் பொய். விரதம் பொய் என்றால் வேண்டுதல் எப்படி நிஜமாகும்?

"நீங்களே உக்காந்து?"

"நானே உக்காந்து படிச்சதுதான்னு சொல்ல வந்தேன்."

"மீறினால் உடன் வருபவருக்கும் ஆகாது. கூட வர்றது என் தம்பிங்க. கல்யாணம் ஆக வேண்டிய புள்ள."

"சரி விடு. யாருமே போக வேணாம்."

"அப்ப இந்த முப்பத்தேழு முடிச்சையும் இருசம்மா அக்கா கையில நீங்களே திருப்பிக் குடுத்துடுறீங்களா? காரணமும் நீங்களே சொல்லிடுங்க. போட்டோவும் இருக்கு."

அன்பழகன் இருசம்மாளின் வாயை நினைத்துப் பார்த்தார். "டிக்கெட் என் பேர்லல்ல இருக்கு?"

"இருந்துச்சுங்க. குடும்பத்துல இருக்குறவங்க பேருக்கு மாத்திக்கலாமாம். அரியலூர் ஸ்டேசன்ல தம்பி மாத்திட்டான்." மாற்றிய டிக்கெட்டையும் விண்ணப்பத்தின் நகலையும் எடுத்து வைத்தாள். சாட்சாத் அன்பழகன் கையெழுத்து. பின்னால் இணைப்பாக ரேஷன் கார்டு, ஆதார். எல்லாம் அன்பு ஜெராக்ஸின் சுத்தமான காப்பி. ஒரு கறுப்புக் கோடு கிடையாது. காகிதத்தில் தேதியைப் பார்ப்பது அவருக்குத் தொழில்பழக்கம். பார்த்தார். பிரியாணிக்கு ஒரு வாரத்துக்கு முந்தைய தேதி.

அப்படியே போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். "டேய் மாப்ள, நீயுமாடா?"

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. நான் தயிர்சாதந்தான் தின்னேன். விரதத்துல இருக்கேன்ல?"

புறப்படுகிற நாள் வந்தது. பதினொரு மூட்டையைப் பார்த்துக் கடைசியாக ஒரு சிரிப்பாவது சிரித்துவிடலாம் என்று அன்பழகன் வாசலில் நின்றார். புவனேஸ்வரி ஒரே ஒரு முதுகுப்பையோடு வந்தாள். அவர் வாங்கிய பைதான். இளையபெருமாள் தராசுக் கொக்கியில் மாட்டிக் காட்டினான். ஆறரைக் கிலோ. முப்பத்தேழு முடிச்சும் ஒரு டப்பா வெங்காய வடகமும் உள்பட.

"முறம் எங்கடி?" என்றார் அன்பழகன்.

"ராமேஸ்வரத்துக்கு ஒங்கள நம்பி வந்தேன். அதனால முறம் வேண்டியிருந்துச்சு. இது நானே போறது." கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்தாள். "பொய் சொன்னா ஒங்களுக்கு இடது காது அரிக்குங்க. மொத நாளே தெரியும். நானும் ராமேஸ்வரத்தத் தாண்டி என்னத்தப் பாத்தேன்? 'வா புவனா, ரெண்டு பேரும் போலாம்'னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒங்க பூட்சையும் நானே சொமந்துகிட்டு வந்திருப்பேன்."

அன்பழகனுக்குச் சுருக்கென்றது. எத்தனையோ பேருக்கு வெளிநாட்டுக்குக் காகிதம் தயார் செய்தவர், பக்கத்தில் படுத்திருந்தவளிடம் ஒரு நாளும் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை. பஸ் போன பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அடுத்த பத்து நாளும் பயணச் செய்தி செல்லில் வந்துகொண்டே இருந்தது. புவனேஸ்வரி லாட்ஜுக்கார அம்மாவின் அடுப்படியில் புகுந்து வெங்காய வடகம் தாளித்துக் கொடுத்தாளாம், அந்த அம்மா இரண்டு நாள் ரூமுக்கு எதுவும் வேண்டாம் என்றுவிட்டாளாம். மேலே காற்று குறைவு என்று இளையபெருமாள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டானாம். புவனேஸ்வரி அவன் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாளாம். பனிமலைக்கு முன்னால், அவருடைய தொப்பியில், அவருடைய குச்சியோடு அவள் நிற்கிற படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் அன்பழகனிடம் வந்து, "அண்ணிக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கு" என்றார்கள்.

பதினோராம் நாள் காலையில் முறத்தில் வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தபோது வீடியோ கால் வந்தது. தலையில் ஈரத்துண்டு, பின்னால் கோயில் மணிச்சத்தம்.

"ஏங்க, கோயில்ல இருக்குற நூத்தியெட்டுக் கொழாத் தண்ணியிலயும் தலையக் குடுத்துட்டேன். பல்லு தந்தியடிக்குது. முப்பத்தேழு முடிச்சும் சேத்தாச்சு. ஒங்களுக்கும் ஒண்ணு நேந்துகிட்டேன்."

"எனக்கா? என்னன்னு?"

"அடுத்த வருசம் ஒங்களக் கூட்டிகிட்டு ரெண்டு பேருமா வரோம்னு."

அன்பழகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புவனா, நீ தங்கம்டி."

"இது நெசமான வேண்டுதலுங்க. ஒங்க தலைக்கு நேந்திருக்கேன். அதனால விரதத்த நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க."

"அடுத்த வருசத்துக்கு இப்பவே எதுக்கு? நாப்பத்தெட்டு நாள்தான?"

"அது மத்தவங்களுக்கு. ஒங்கள எனக்குத் தெரியும்ல? வருசம் முழுக்கன்னு வேண்டிகிட்டேன். டீயும் சேத்து."

போன் அணைந்தது. அன்பழகன் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பூஜை அலமாரிக்குப் போனார். சாமந்திப்பூ பார்டர் போட்ட அந்த அட்டையை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். முழங்காலில் வைத்து மடக்கினார். கடைசியில் பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார்.

கிழியவில்லை. அன்பு ஜெராக்ஸ் லேமினேஷன்.